பல்லுறுப்புக்கோவைகளைக் கழித்தல்: ஒத்த உறுப்புகளில் தொடங்கி ஒரு முழுமையான வழிகாட்டி

5ய² − 3ய + 7 போல எழுத்துகளும் எண்களும் சேர்ந்த உறுப்புகளைக் கூட்டியும் கழித்தும் அமைந்த கோவை பல்லுறுப்புக்கோவை எனப்படும். அப்படிப்பட்ட இரண்டு பல்லுறுப்புக்கோவைகளைக் கூட்டச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறாமல் கூட்டிவிடுகிறார்கள். அதே இரண்டு கோவைகளைக் கொடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கச் சொன்னால் ஆளுக்கொரு விடை வருகிறது. இந்தக் கணக்கைப் பாருங்கள்:

(5ய² − 3ய + 7) − (2ய² − 8ய + 4)

இதற்கு 3ய² − 11ய + 11 என்ற விடையை நான் எத்தனையோ நோட்டுகளில் திருத்தியிருக்கிறேன். சரியான விடை 3ய² + 5ய + 3 ஆகும். தவறான விடையைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அதை எழுதிய மாணவருக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை என்பது விளங்கும். −3-உடன் −8-ஐச் சேர்த்து −11 என்றும், 7-உடன் 4-ஐச் சேர்த்து 11 என்றும் அவர் பிழையில்லாமல் கணக்கிட்டிருக்கிறார். இரண்டாம் அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறியை அவர் 2ய² என்ற முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பின்னால் வரும் உறுப்புகளை அப்படியே விட்டுவிட்டார். அந்தக் குறி அடைப்புக்குறிக்குள் இருக்கும் முழுக் கோவைக்கும் உரியது. கழித்தலில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன என்பதால், திருத்தும்போது என் கண் முதலில் போவது இரண்டாம் அடைப்புக்குறியின் இரண்டாம் உறுப்புக்குத்தான்.

மாறிகளை, அதாவது தெரியாத எண்ணுக்குப் பதிலாக நிற்கும் எழுத்துகளைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பாடநூல்களில் எக்ஸ், ஒய் என்ற எழுத்துகள் மாறிகளாக வரும். இங்கே அவற்றுக்குப் பதிலாக ய, க என்ற எழுத்துகளைப் பயன்படுத்துகிறேன். எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கின் விதி மாறாது. இந்த இரண்டு எழுத்துகளைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1150-இல் பீஜகணிதம் (இயற்கணிதம்) பற்றி எழுதிய இந்தியக் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர், தெரியாத முதல் எண்ணை 'யாவத்தாவத்' என்ற சொல்லின் முதலெழுத்தாகிய 'யா' என்றும், அடுத்ததைக் கருமை நிறத்தைக் குறிக்கும் 'காலகம்' என்ற சொல்லின் முதலெழுத்தாகிய 'கா' என்றும் குறித்தார். ஒரே இனத்தைச் சேர்ந்தவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம். வேறு இனத்தைச் சேர்ந்தவற்றைத் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும் என்ற விதியையும் அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இன்று ஒத்த உறுப்புகள் என்ற பெயரில் நாம் படிப்பது அந்த விதியைத்தான்.

உறுப்பும் அதன் குறியும்

4ய³ − 6ய² + ய − 9 என்ற கோவையில் நான்கு உறுப்புகள் உள்ளன. அவை 4ய³, −6ய², ய, −9 ஆகியன. ஓர் உறுப்புக்கு முன்னால் நிற்கும் குறி அந்த உறுப்பைச் சேர்ந்தது. 'இரண்டாம் உறுப்பு 6ய², அதற்கு முன்னால் ஒரு கழித்தல் இருக்கிறது' என்று நினைக்கும் பழக்கத்தை விட்டு, 'இரண்டாம் உறுப்பு −6ய²' என்று நினைக்கும் பழக்கத்திற்கு வந்துவிட்டால், பின்னால் வரவிருக்கும் தொல்லைகளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஓர் உறுப்பில் எழுத்தைப் பெருக்கி நிற்கும் எண் கெழு எனப்படும். மேலே உள்ள உறுப்புகளில் கெழுக்கள் முறையே 4, −6, 1 ஆகும். எழுத்தே இல்லாத −9 மாறிலி உறுப்பு. மூன்றாம் உறுப்பாகிய ய-வின் கெழு 1 என்பதை எழுதுவதில்லை என்பதால் அதை மறந்துவிடுவோர் பலர். 5ய − ய என்பதற்கு 5 என்று விடை எழுதுவது அந்த மறதியால்தான். அங்கே இருப்பது 5ய − 1ய, எனவே விடை 4ய. அதுபோலவே −ய என்பதன் கெழு −1.

பல்லுறுப்புக்கோவையில் மாறியின் அடுக்கு 0, 1, 2, 3 போன்ற குறையற்ற முழு எண்ணாகவே இருக்க வேண்டும். மாறி ஒரு பின்னத்தின் பகுதியில் (கீழே) வந்தாலோ வர்க்கமூலக் குறிக்குள் வந்தாலோ அது பல்லுறுப்புக்கோவை ஆகாது. கோவையில் வரும் மிகப் பெரிய அடுக்கு அதன் படி. அடுக்குகளை இறங்கு வரிசையில் அமைத்து எழுதுவது திட்ட வடிவம்.

எவை ஒத்த உறுப்புகள்?

எழுத்துப் பகுதியும் ஒவ்வோர் எழுத்தின் அடுக்கும் அச்சாக ஒன்றாக இருக்கும் உறுப்புகளே ஒத்த உறுப்புகள். கெழுக்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். 7ய², −3ய², (1/2)ய² ஆகிய மூன்றும் ஒத்த உறுப்புகள். 7ய²-உம் 7ய³-உம் ஒத்தவை அல்ல. கெழு ஒன்றாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இரண்டு மாறிகள் வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். 7ய²க என்பதும் −3கய² என்பதும் ஒத்த உறுப்புகளே, ஏனெனில் பெருக்கலில் எழுத்துகளின் வரிசை மாறினாலும் மதிப்பு மாறாது. ஆனால் ய²க என்பதும் யக² என்பதும் ஒத்தவை அல்ல. ஐயம் வந்தால் எண்களை இட்டுப் பாருங்கள். ய = 2, க = 3 என்று வைத்தால் ய²க-வின் மதிப்பு 4 × 3 = 12, யக²-இன் மதிப்பு 2 × 9 = 18. ஒரே எழுத்துகள்தாம், ஆயினும் வேறு வேறு அளவுகள்.

ஒத்த உறுப்புகளைச் சேர்க்கும்போது கெழுக்களை மட்டுமே கூட்டவோ கழிக்கவோ செய்கிறோம்; எழுத்துப் பகுதி அப்படியே நிற்கும். இதற்கு ஆதாரம் பங்கீட்டுப் பண்பு:

7ய² + 4ய² = (7 + 4)ய² = 11ய²

இதில் அடுக்கு மாறுவதற்கு வாய்ப்பே இல்லை. 11ய⁴ என்று எழுதுவோர் பெருக்கலுக்குரிய அடுக்கு விதியைக் கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ய² + ய³ என்பதை ய⁵ என்று எழுதுவதும் அதே குழப்பம்தான்; ய = 2 என்று இட்டால் இடப்பக்கம் 4 + 8 = 12, வலப்பக்கம் 32. ய² + ய³ என்பதை அதற்கு மேல் சுருக்க முடியாது. 3ய² + 4 என்பதும் அப்படியே நிற்கும். சுருக்க முடியாத இடத்தில் நிறுத்துவதற்கு மாணவர்களுக்குத் துணிச்சல் வேண்டியிருக்கிறது. விடை என்றால் ஒரே உறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எண்கணிதத்திலிருந்து கூடவே வந்துவிடுகிறது.

இனி ஒரு நீண்ட கோவையைச் சுருக்குவோம்:

6ய² − 4ய + 9 − 2ய² + 7ய − 15 + ய²

பென்சிலை எடுத்துக்கொண்டு, ய² உறுப்புகளின் கீழ் ஒற்றைக் கோடும், ய உறுப்புகளின் கீழ் இரட்டைக் கோடும் இடுங்கள்; மாறிலிகளைச் சுற்றி வட்டம் போடுங்கள். கோடு இடும்போது உறுப்பின் இடப்பக்கத்தில் உள்ள குறிக்குக் கீழிருந்தே கோட்டைத் தொடங்க வேண்டும் என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். −2ய² என்பதில் கோடு 2-இன் கீழ் தொடங்கினால், அடுத்த வரிக்கு எடுத்து எழுதும்போது அந்தக் கழித்தல் குறி தனியே விடுபட்டுப் போகும். குறியோடு சேர்த்துத் திரட்டினால்:

ய² உறுப்புகள்: 6 − 2 + 1 = 5
ய உறுப்புகள்: −4 + 7 = 3
மாறிலிகள்: 9 − 15 = −6

விடை 5ய² + 3ய − 6. ய = 2 எனில் தொடக்கக் கோவை 24 − 8 + 9 − 8 + 14 − 15 + 4 = 20; விடையும் 20 + 6 − 6 = 20.

கழித்தல் குறி ஏன் எல்லா உறுப்புகளையும் மாற்றுகிறது?

'அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் இருந்தால் உள்ளே எல்லாக் குறியும் மாறும்' என்ற விதியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்களிடம் காரணம் கேட்டால் விழிக்கிறார்கள். காரணம் தெரியாத விதி அவசரத்தில் கைவிட்டுவிடும் என்பதால், இந்த இடத்தில் சற்று அதிக நேரம் செலவிடுவது நல்லது.

எழுத்துகளை ஒதுக்கிவிட்டு எண்களைப் பாருங்கள். 100 − (30 − 8) என்பதில் நாம் கழிக்க வேண்டியது 22. ஆனால் 30 − 8 என்று பிரிந்து நிற்பதால், முதலில் 100-இலிருந்து 30-ஐக் கழிக்கிறோம், 70 வருகிறது. கழிக்க வேண்டியதைவிட 8 அதிகமாகக் கழித்துவிட்டோம். அதிகமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எனவே 70 + 8 = 78. உள்ளே −8 என்று இருந்தது வெளியே வரும்போது +8 ஆவது இதனால்தான். 100 − 22 நேரடியாகவும் 78 தருகிறது. உள்ளே 30 + 8 என்று இருந்திருந்தால், 30-ஐக் கழித்தபின் இன்னும் 8 கழிக்க வேண்டிய பாக்கி இருக்கும். எனவே +8 என்பது −8 ஆகியிருக்கும்.

இதையே முறைப்படி சொல்வதானால், ஒரு கோவையைக் கழிப்பது என்பது அதன் கூட்டல் நேர்மாறைக் கூட்டுவது. 2ய² − 8ய + 4 என்பதன் கூட்டல் நேர்மாறு −2ய² + 8ய − 4. இரண்டையும் கூட்டினால் ஒவ்வோர் உறுப்பும் தன் எதிருறுப்போடு சேர்ந்து பூச்சியம் ஆகிவிடும். ஒரே ஓர் உறுப்பின் குறியை மட்டும் மாற்றாமல் விட்டால் கூட்டுத்தொகை பூச்சியம் ஆகாது, ஆகவே அது நேர்மாறும் ஆகாது. 628-இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் குறை எண்களைக் கடன் என்றும் மிகை எண்களைச் செல்வம் என்றும் குறித்து விதிகள் எழுதியபோது, பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் அது செல்வம் ஆகும் என்றார். கடன் நீங்குவதே ஒரு வரவு என்ற அந்த எண்ணத்தைவிட எளிதாக −(−8) = +8 என்பதை விளக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

கழித்தலைப் படிப்படியாகச் செய்தல்

இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம்:

(4ய³ − 6ய² + ய − 9) − (ய³ − 6ய² − 5ய + 2)

முதல் படியாக, முதல் அடைப்புக்குறியை எந்த மாற்றமும் இல்லாமல் நீக்கி எழுதுங்கள். அதற்கு முன்னால் எந்தக் குறியும் இல்லாததால் உள்ளே உள்ளவை அப்படியே வெளியே வரும். சிலர் ஆர்வத்தில் இதன் குறிகளையும் மாற்றிவிடுகிறார்கள்.

இரண்டாம் படியாக, இரண்டாம் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் எதிர்க்குறியோடு எழுதுங்கள். உள்ளே முதல் உறுப்பாகிய ய³-க்கு முன் குறி எதுவும் தெரியவில்லை என்றாலும் அது +ய³ என்பதால் −ய³ ஆகும். எழுதி முடித்ததும் உறுப்புகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே நான்கு இருந்தால் வெளியேயும் நான்கு வந்திருக்க வேண்டும்.

4ய³ − 6ய² + ய − 9 − ய³ + 6ய² + 5ய − 2

இந்த வரியை மனத்துக்குள் செய்துவிட்டு நேரே விடைக்குத் தாவாதீர்கள். கழித்தலில் எழுதியே தீர வேண்டிய வரி ஒன்று உண்டென்றால் அது இதுதான். இந்த வரி சரியாக வந்துவிட்டால் அதன் பிறகு கழித்தலே கிடையாது. ஒத்த உறுப்புகளைச் சேர்க்கும் வேலை மட்டுமே மீதி.

மூன்றாம் படியாக ஒத்த உறுப்புகளைச் சேருங்கள். ய³: 4 − 1 = 3. ய²: −6 + 6 = 0. ய: 1 + 5 = 6. மாறிலி: −9 − 2 = −11. ய² உறுப்பின் கெழு பூச்சியம் ஆனதால் அந்த உறுப்பு விடையில் இடம்பெறாது.

விடை: 3ய³ + 6ய − 11

ஒத்த உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்போது விடையின் படியும் (அதன் மிகப் பெரிய அடுக்கும்) குறையலாம். (2ய³ + ய) − (2ய³ − 5) என்பதன் விடை ய + 5. மூன்றாம் படிக் கோவைகள் இரண்டின் வேறுபாடு முதற்படிக் கோவையாகிவிட்டது. வேறுபாட்டின் படி இரண்டு கோவைகளின் படிகளில் பெரியதைத் தாண்டாது, ஆனால் அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம்.

ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் முறை

உறுப்புகள் அதிகமாகவும் வரிசை கலைந்தும் இருந்தால், இரண்டு கோவைகளையும் திட்ட வடிவில் அமைத்து, ஒத்த உறுப்புகள் ஒரே நிரலில் வருமாறு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவது பாதுகாப்பானது. விடுபட்ட அடுக்கு இருந்தால் அந்த இடத்தில் 0 என்ற கெழுவோடு உறுப்பை எழுதி நிரப்ப வேண்டும். 5ய⁴ + 2ய² − 7 என்பதிலிருந்து 3ய³ − ய² + 4ய − 10 என்பதைக் கழிப்போம்:

5ய⁴ + 0ய³ + 2ய² + 0ய − 7
0ய⁴ + 3ய³ − ய² + 4ய − 10

கீழ் வரியின் ஒவ்வோர் உறுப்புக்கும் குறியை மாற்றி, நிரல் நிரலாகக் கூட்டினால் 5, −3, 2 + 1 = 3, −4, −7 + 10 = 3 என்று கெழுக்கள் கிடைக்கும்.

விடை: 5ய⁴ − 3ய³ + 3ய² − 4ய + 3

மாற்றிய குறியைப் பழைய குறியின் மேலேயே அழுத்தி எழுதாமல், உறுப்பின் கீழே சிறிய வட்டத்துக்குள் தனியாக எழுதுங்கள். − குறியின் மேல் நெடுக்காக ஒரு கோடு போட்டு + ஆக்குவது எளிது; + ஐ − ஆக்குவதற்கு அழிக்க வேண்டியிருக்கும், அரைகுறையாக அழிந்த அந்தக் குறி அடுத்த பார்வையில் எதுவாகவும் தெரியும்.

இந்த முறை எண்களைக் கழிக்கும் முறையை நினைவூட்டும். அது தற்செயலானது அல்ல. 583 என்பது 5ய² + 8ய + 3 என்ற கோவையில் ய = 10 என்று இட்டால் கிடைக்கும் மதிப்பு; 297 என்பது 2ய² + 9ய + 7 என்பதன் மதிப்பு. கோவைகளைக் கழித்தால் 3ய² − ய − 4 வருகிறது. இதில் ய = 10 என்று இட்டால் 300 − 10 − 4 = 286; 583 − 297-உம் அதுவே. வேறுபாடு ஒன்றுதான். எண்களில் 3-இலிருந்து 7 போகாது என்று பக்கத்து இடத்தில் கடன் வாங்குகிறோம். கோவைகளில் கெழு குறை எண்ணாக இருக்கலாம் என்பதால் கடன் வாங்கும் தேவையே இல்லை. அந்த வகையில் பல்லுறுப்புக்கோவைக் கழித்தல் எண்களின் கழித்தலைவிட எளிதானது என்றே சொல்வேன்.

எதிலிருந்து எதைக் கழிப்பது?

கணக்கு வாக்கியமாக வரும்போது வரிசையில் பிழை நேர்கிறது. '3ய² − 5ய + 1 என்பதை ய² + 2ய − 6 என்பதிலிருந்து கழிக்க' என்ற வாக்கியத்தில் முதலில் வருவது கழிக்கப்பட வேண்டிய கோவை. எது முதலில் வருகிறது என்று பார்க்காமல் வேற்றுமை உருபைப் பாருங்கள். 'இலிருந்து' பெற்ற கோவை முதல் அடைப்புக்குறிக்கும், 'ஐ' பெற்ற கோவை இரண்டாம் அடைப்புக்குறிக்கும் போக வேண்டும்.

(ய² + 2ய − 6) − (3ய² − 5ய + 1) = −2ய² + 7ய − 7

வரிசையை மாற்றிக் கழித்தால் 2ய² − 7ய + 7 வரும்; அதாவது விடையின் எல்லாக் குறிகளும் தலைகீழாகும். '3ய² − 5ய + 1 உடன் எதைக் கூட்டினால் ய² + 2ய − 6 கிடைக்கும்?' என்ற கேள்வியும் இதே கழித்தல்தான். கூட்டினால் என்ற சொல்லைக் கண்டதும் இரண்டையும் கூட்டிவிடக் கூடாது.

சற்றுச் சிக்கலான வடிவங்கள்

இரண்டு மாறிகள் வரும் கணக்கில் முறை மாறாது. ஒத்த உறுப்புகளை இனம் காண்பதில்தான் உழைப்பு.

(7ய²க − 4யக² + 3யக − 8) − (2ய²க − 9யக² − 3யக + 5க)

அடைப்புக்குறிகளை நீக்கினால் 7ய²க − 4யக² + 3யக − 8 − 2ய²க + 9யக² + 3யக − 5க. சேர்த்தால் 5ய²க + 5யக² + 6யக − 5க − 8. இங்கே −5க-வுக்கும் −8-க்கும் துணை இல்லை. இரண்டும் தனியே நின்று விடையில் அப்படியே வருகின்றன. முதல் இரண்டு உறுப்புகளின் கெழு 5 ஆக இருப்பதைக் கண்டு அவற்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

அடைப்புக்குறிக்கு முன்னால் எண்ணும் நின்றால், அந்த எண்ணைக் குறியோடு சேர்த்து உள்ளே ஒவ்வோர் உறுப்போடும் பெருக்க வேண்டும்.

3(2ய² − ய + 4) − 2(ய² − 5ய + 6)
= 6ய² − 3ய + 12 − 2ய² + 10ய − 12
= 4ய² + 7ய

இரண்டாம் வரியில் பெருக்கும் எண் 2 அல்ல, −2. அதனால்தான் −5ய என்பது +10ய ஆகிறது.

அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வந்தால் உள்ளிருந்து வெளியே வாருங்கள். 6ய − [4 − (3ய − 7) + 2(ய − 5)] என்பதில் சதுர அடைப்புக்குறிக்குள் மட்டும் முதலில் கவனம் வையுங்கள்: 4 − 3ய + 7 + 2ய − 10 = −ய + 1. அதைச் சுருக்கிய பிறகே வெளியே வர வேண்டும்: 6ய − (−ய + 1) = 6ய + ய − 1 = 7ய − 1. உள்ளே சுருக்காமல் எல்லா அடைப்புக்குறிகளையும் ஒரே வரியில் உடைக்க முயல்வோர், 3ய-வின் குறி இரண்டு முறை மாற வேண்டும் என்பதைக் கோட்டை விடுகிறார்கள்.

கெழுக்கள் பின்னங்களாக இருந்தால் பகுதிகளைச் சமமாக்கிக் கழிப்பதைத் தவிர வேறு புதுமை இல்லை: (3/4)ய² − (1/2)ய என்பதிலிருந்து (1/2)ய² − (2/3)ய என்பதைக் கழித்தால் (1/4)ய² + (1/6)ய.

விடையைச் சரிபார்த்தல்

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கிடைத்த விடையோடு கழித்த கோவையைக் கூட்டிப் பார்ப்பது. முதல் கோவை திரும்ப வர வேண்டும். தொடக்கத்தில் பார்த்த கணக்கில் (3ய² + 5ய + 3) + (2ய² − 8ய + 4) = 5ய² − 3ய + 7. தவறான விடையைக் கூட்டினால் 5ய² − 19ய + 15 வந்து, பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, மாறிக்கு ஓர் எண்ணை இட்டுப் பார்ப்பது. எந்த எண்ணை இடுகிறோம் என்பதில் யோசனை வேண்டும். 0-ஐ இட்டால் மாறிலி மட்டுமே சரிபார்க்கப்படும். மற்ற உறுப்புகளில் என்ன பிழை இருந்தாலும் தெரியாது. 1-ஐ இட்டால் ய, ய², ய³ எல்லாமே 1 ஆகிவிடுவதால் அடுக்கில் செய்த பிழை மறைந்துவிடும். 11ய² என்பதற்குப் பதில் 11ய⁴ என்று எழுதியிருந்தாலும் மதிப்பு ஒன்றாகவே வரும். 2 நல்ல தேர்வு. தொடக்கக் கணக்கில் ய = 2 எனில் முதல் கோவை 20 − 6 + 7 = 21, இரண்டாம் கோவை 8 − 16 + 4 = −4, வேறுபாடு 21 − (−4) = 25. சரியான விடையில் 12 + 10 + 3 = 25; தவறான விடையில் 12 − 22 + 11 = 1.

ஓர் எண்ணில் ஒத்துப்போனால் விடை உறுதியாகச் சரி என்று ஆகிவிடாது, தற்செயலாகவும் ஒத்துப்போகலாம். படி 3-ஐத் தாண்டாத இரண்டு கோவைகள் வெவ்வேறான நான்கு மதிப்புகளுக்கு ஒத்துப்போனால்தான் அவை ஒரே கோவை என்று உறுதியாகச் சொல்லலாம். பொதுவாகச் சொன்னால், படியைவிட ஒன்று அதிகமான மதிப்புகள் தேவை. அந்த வகையில் திரும்பக் கூட்டிப் பார்ப்பதே முழுமையான சோதனை. எண்ணை இடுவது விரைவான சோதனை.

நெடுமுறை வகுத்தலில்

கழித்தலை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு, வகுத்தலில் ஒவ்வோர் அடியிலும் அது வருவதும் ஒரு காரணம். 2ய² − 5ய + 8 என்பதை ய − 3 என்பதால் வகுப்போம். ஈவின் முதல் உறுப்பு 2ய. 2ய(ய − 3) = 2ய² − 6ய. இதை மேலிருந்து கழிக்க வேண்டும்:

(2ய² − 5ய) − (2ய² − 6ய) = −5ய + 6ய = ய

இந்த இடத்தில் −5-ஐயும் −6-ஐயும் கண்டு −11ய என்று எழுதுவோர் பலர். அப்படி எழுதினால் அதற்குப் பின் செய்யும் ஒவ்வோர் அடியும் வீண். சரியாகச் செய்தால், 8-ஐக் கீழே இறக்கி ய + 8; ஈவின் அடுத்த உறுப்பு 1; (ய + 8) − (ய − 3) = 8 + 3 = 11. ஈவு 2ய + 1, மீதி 11. ய − 3 என்பதால் வகுத்தால் வரும் மீதி, கோவையில் ய = 3 என்று இட்டால் வரும் மதிப்பே என்பது மீதித் தேற்றம். அதன்படி ய = 3 என்று இட்டால் 18 − 15 + 8 = 11 என்று அதே மீதி கிடைக்கிறது.

செய்து பார்ப்பதற்குச் சில கணக்குகள்

விடைகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். குறி மாற்றிய வரியை எழுதிய பிறகே அவற்றைப் பாருங்கள்.

(அ) (8ய² + ய − 3) − (5ய² − 6ய − 3)
(ஆ) ய³ − 4ய + 2 என்பதை 2ய³ + ய² − 7 என்பதிலிருந்து கழிக்க.
(இ) (ய² − 3யக + க²) − (க² − ய² + 2யக)
(ஈ) 10 − 2[ய − 3(2 − ய)]
(உ) (ய³ + 3ய² + 3ய + 1) − ய³

விடைகள்: (அ) 3ய² + 7ய. (ஆ) ய³ + ய² + 4ய − 9. (இ) 2ய² − 5யக. (ஈ) 22 − 8ய. (உ) 3ய² + 3ய + 1.

(இ) கணக்கில் இரண்டாம் கோவையின் வரிசை வேண்டுமென்றே கலைக்கப்பட்டுள்ளது. க² உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, ய² உறுப்புகள் கூடி இரட்டிப்பாகின்றன. (உ) கணக்கின் முதல் கோவை (ய + 1)³ என்பதன் விரிவு. ஆகவே அந்த விடை அடுத்தடுத்த இரண்டு எண்களின் கனங்களுக்கு இடையிலான வேறுபாட்டைத் தருகிறது. ய = 4 என்று இட்டால் 48 + 12 + 1 = 61; 125-இலிருந்து 64-ஐக் கழித்தாலும் 61.